முதல் பைக்காக ஒரு சின்ன க்ரூஸர்: எந்த அளவு யாருக்குப் பொருந்தும்?

முதல் பைக்காக க்ரூஸர் வாங்க நினைப்பவர்கள் பெரும்பாலும் ஒரே இடத்தில் மாட்டிக்கொள்கிறார்கள். தாழ்வான சீட், நிமிர்ந்து உட்காரும் வசதி, நிதானமான ஓட்டம் இதெல்லாம் பிடித்திருக்கிறது. ஆனால் 250 சிசி போதுமா, 350 எடுக்கலாமா, ஒரேயடியாக 500க்குப் போய்விடலாமா என்பதில் முடிவுக்கு வரமுடிவதில்லை. "சின்னது வாங்கினால் ஆறு மாதத்தில் அலுத்துவிடும்" என்று ஒரு பக்கம் நண்பர்கள் சொல்வார்கள். "பெரியது வாங்கினால் சமாளிக்க முடியாது" என்று வீட்டில் சொல்வார்கள். இரண்டிலும் கொஞ்சம் உண்மை இருக்கிறது. இருந்தாலும் சிசியில் ஆரம்பிப்பதுதான் குழப்பத்துக்கே காரணம். எடை, கால் வைக்கும் இடம், நீங்கள் ஓட்டப்போகும் சாலை என்று இந்த வரிசையில் யோசித்தால் சிசி தானாகவே முடிவாகிவிடும்.

## முதலில் எதைப் பார்க்க வேண்டும்

எடை. புதிதாக ஓட்டுபவர்கள் வண்டியைக் கீழே போடுவது பெரும்பாலும் வேகத்தில் நடப்பதில்லை. பார்க்கிங்கில் திருப்பும்போது, யூ-டர்ன் எடுக்கும்போது, சரிவான இடத்தில் நிறுத்தும்போதுதான் நடக்கிறது. ஹேண்டில் திரும்பியிருக்கும் நிலையில், நடக்கும் வேகத்தில், முன் பிரேக்கைச் சட்டென்று பிடித்தால் வண்டி திரும்பிய பக்கமே சாய்ந்துவிடும். பிரேக் பிடிக்கும்போது சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் ஏபிஎஸ்கூட அவ்வளவு குறைந்த வேகத்தில் கைகொடுக்காது. காலால் தாங்கிப் பிடித்தால்தான் உண்டு. சாயத் தொடங்கிய 170 கிலோ வண்டியை ஒருவேளை பிடித்துவிடலாம். 230 கிலோ வண்டியைப் பிடிக்கப் போனால் முதுகு போகும்.

சீட் உயரமும் அகலமும். விளம்பரத்தில் சீட் உயரத்தை மட்டும்தான் சொல்வார்கள். ஆனால் சீட் அகலமாக இருந்தால் தொடை விரிந்து, கால் தரைக்கு எட்டும் தூரம் குறைந்துவிடும். முன்பக்கம் ஒடுங்கிய 765 மி.மீ. சீட்டில், அகலமான 740 மி.மீ. சீட்டைவிடக் குட்டையானவருக்கு நன்றாகவே கால் ஊன்றும். உட்கார்ந்து பார்க்காமல் எண்ணை வைத்து முடிவு செய்யாதீர்கள்.

ஃபுட்ரெஸ்ட் இருக்கும் இடம். க்ரூஸரில் நான் மிக முக்கியமாக நினைப்பது இதைத்தான். சில வண்டிகளில் கால் முன்னால் நீட்டியபடி இருக்கும், சிலவற்றில் முழங்காலுக்கு நேர் கீழே இருக்கும். முன்னால் நீட்டினால் பார்க்கவும் உட்காரவும் சுகம்தான். ஆனால் உடல் எடை முழுவதும் முதுகுத்தண்டின் அடிமுனையில் இறங்குகிறது. பள்ளம் வரும்போது மற்ற பைக்கில் காலை ஊன்றிக் கொஞ்சம் எழுந்துகொள்வோமே, அது இதில் முடியாது. க்ரூஸரின் பின் சஸ்பென்ஷன் பொதுவாகவே குறைவாகத்தான் மடங்கும் என்பதால் அந்த அடி நேராக இடுப்புக்கு வரும். மோசமான சாலையில் தினமும் ஓட்டுபவருக்கு இது பெரிய விஷயம்.

திரும்பும் சுபாவம். நீளமான வீல்பேஸும் (இரு சக்கரங்களுக்கு இடையிலான தூரம்) சாய்வான முன் ஃபோர்க்கும் நேர்ச்சாலையில் வண்டியை நிதானமாக வைத்திருக்கும். அதே காரணத்தால் குறுகிய தெருவில் திருப்ப இடம் அதிகம் கேட்கும். வளைவில் அதிகமாகச் சாய்க்கவும் முடியாது. பல வண்டிகளில் ஃபுட்ரெஸ்ட்டின் அடியில் ஒரு சின்னக் கம்பி முனை துருத்திக்கொண்டிருப்பதைப் பார்க்கலாம். அதிகமாகச் சாய்த்தால் அதுதான் முதலில் தரையில் உரசி எச்சரிக்கும். அந்தச் சத்தம் கேட்டால் பதறி பிரேக் பிடிக்காமல், வளைவுக்குள் நுழையும் முன்பே வேகத்தைக் குறைக்கும் பழக்கத்துக்கு மாற வேண்டும்.

இவற்றுக்கு அப்புறம்தான் இன்ஜின். நீங்கள் ஓட்டுவது ஊருக்குள்ளா, நெடுஞ்சாலையிலா, பின்னால் ஆள் ஏற்றுவீர்களா என்பதைப் பொறுத்து அது மாறும்.

## எண்களில் ஒரு பார்வை

எல்லா நாட்டிலும் எல்லா மாடலும் கிடைக்காது. ஒவ்வொரு அளவுக்கும் தெரிந்த பெயர் ஒன்றிரண்டை மட்டும் எடுத்திருக்கிறேன். எடை பெட்ரோலோடு சேர்த்து; வருடத்தையும் ஏபிஎஸ்ஸையும் பொறுத்து சில கிலோ மாறும்.

| வண்டி | இன்ஜின் | எடை (சுமார்) | சீட் உயரம் | கியர் | கால் நிலை |
|---|---|---|---|---|---|
| யமஹா வி ஸ்டார் 250 | 249 சிசி, வி வடிவ இரட்டை சிலிண்டர் | 147 கிலோ | 685 மி.மீ. | 5 | நடுவில் |
| பஜாஜ் அவெஞ்சர் 220 | 220 சிசி, ஒற்றை சிலிண்டர் | 163 கிலோ | 737 மி.மீ. | 5 | முன்னால் |
| ஹோண்டா ரெபெல் 300 | 286 சிசி, ஒற்றை சிலிண்டர் | 168 கிலோ | 690 மி.மீ. | 6 | நடுவில் |
| ராயல் என்ஃபீல்டு மீட்டியோர் 350 | 349 சிசி, ஒற்றை சிலிண்டர் | 191 கிலோ | 765 மி.மீ. | 5 | முன்னால் |
| கவாசாகி எலிமினேட்டர் | 451 சிசி, இரட்டை சிலிண்டர் | 176 கிலோ | 735 மி.மீ. | 6 | நடுவில் |
| ஹோண்டா ரெபெல் 500 | 471 சிசி, இரட்டை சிலிண்டர் | 190 கிலோ | 690 மி.மீ. | 6 | நடுவில் |
| கவாசாகி வல்கன் எஸ் | 649 சிசி, இரட்டை சிலிண்டர் | 230 கிலோ | 705 மி.மீ. | 6 | முன்னால், மாற்றலாம் |
| ராயல் என்ஃபீல்டு சூப்பர் மீட்டியோர் 650 | 648 சிசி, இரட்டை சிலிண்டர் | 241 கிலோ | 740 மி.மீ. | 6 | முன்னால் |

451 சிசி எலிமினேட்டர், 349 சிசி மீட்டியோரைவிட 15 கிலோ குறைவு என்பதைக் கவனியுங்கள். சிசி கூடினால் எடையும் கூடும் என்று எப்போதும் சொல்லிவிட முடியாது.

## 220 – 250 சிசி: லேசான வண்டி

கற்றுக்கொள்ள இதைவிட நல்ல அளவு இல்லை. வி ஸ்டார் 250 போன்ற வண்டி 147 கிலோதான் என்பதால், எஞ்சினை அணைத்துவிட்டுக் காலாலேயே பின்னுக்குத் தள்ளிக்கொண்டு போகலாம். கிளட்சைப் பாதியில் பிடித்து மெதுவாக உருட்டுவது, எட்டுப் போடுவது எல்லாம் பயமில்லாமல் பழகலாம். பழக்கம் வந்துவிட்டால் அது எந்த வண்டியிலும் கூடவே வரும்.

இழப்பு எங்கே என்றால் இரண்டு இடத்தில். ஒன்று, நெடுஞ்சாலை. 80 கிலோமீட்டர் வேகம் வரை சந்தோஷமாகப் போகும். அதற்குமேல் லாரியை முந்த வேண்டும் என்றால் முன்கூட்டியே கணக்குப் போட வேண்டும். பின்னால் ஆள் இருந்தால் இன்னும் சிரமம். இரண்டாவது, இந்த அளவு வண்டிகள் பல பழைய வடிவமைப்பு. வி ஸ்டார் 250இல் பெட்ரோலையும் காற்றையும் கலக்கப் பழைய முறையான கார்புரேட்டர்தான். குளிரில் சோக் இழுத்து ஸ்டார்ட் செய்ய வேண்டும், நீண்ட நாள் நிறுத்தி வைத்தால் கார்புரேட்டர் அடைத்துக்கொள்ளும். பின்னால் டிரம் பிரேக், ஏபிஎஸ் கிடையாது. புதிதாக ஓட்டுபவருக்கு, அதுவும் மழையில், ஏபிஎஸ் இல்லாததை நான் சின்னக் குறையாக நினைக்கவில்லை. அவெஞ்சர் 220இல் முன் சக்கரத்துக்கு மட்டுமான ஏபிஎஸ் வந்திருக்கிறது. பழைய வண்டி வாங்குபவர்கள் அந்தக் குறிப்பிட்ட வண்டியில் அது இருக்கிறதா என்று நேரில் பார்க்க வேண்டும்.

யாருக்கு நல்லது: உயரம் குறைந்தவர்கள், தோளிலோ முதுகிலோ வலு குறைந்தவர்கள், ஊருக்குள் மட்டும் ஓட்டுபவர்கள், ஓரிரு வருடம் பழகிவிட்டு விற்கலாம் என்று தெளிவாக இருப்பவர்கள்.

## 300 – 350 சிசி ஒற்றை சிலிண்டர்: பலருக்கும் இங்கேதான் விடை

இந்த அளவில் மீட்டியோர் 350, ரெபெல் 300 இரண்டும் ஒன்றுக்கொன்று நேர்மாறான குணம் கொண்டவை. அதனால் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும்.

மீட்டியோர் 350இன் இன்ஜின் 20 குதிரைத்திறன்தான் தரும். ஆனால் 27 நியூட்டன் மீட்டர் இழுவை நிமிடத்துக்கு 4,000 சுற்றிலேயே கிடைத்துவிடும். அதனால் மூன்றாவது கியரில் ஊர்ந்துகொண்டிருந்தாலும் வண்டி திணறாது. கியர் மாற்ற மறந்தாலும் பொறுத்துக்கொள்ளும். புதியவருக்கு இது பெரிய நிம்மதி. கியர் லீவர் குதிகாலாலும் முன்காலாலும் அழுத்தும் வகை என்பதால் ஷூவின் மேல்பக்கம் தேயாது. 2020இல் வந்ததிலிருந்து இதே இன்ஜின் அந்த நிறுவனத்தின் கிளாசிக், ஹன்டர் போன்ற வண்டிகளுக்கும் போயிருப்பதால், அவை ஓடும் ஊரில் உதிரிபாகத்துக்கும் மெக்கானிக்குக்கும் அலைய வேண்டியதில்லை. குறை என்றால் 191 கிலோ எடையும், 90க்கு மேல் போகும்போது கைகால்களில் தெரியும் அதிர்வும்தான். நாள் முழுக்க 110இல் ஓட்டுவேன் என்பவருக்கு இது சரிப்படாது.

ரெபெல் 300 அதற்கு எதிர். எடை 20 கிலோவுக்கு மேல் குறைவு, சீட் மிகத் தாழ்வு, இன்ஜினின் உச்சத் திறன் கூடுதல். ஆனால் அந்தத் திறனை எடுக்க இன்ஜினைச் சுற்றவிட வேண்டும், கியரும் அடிக்கடி மாற்ற வேண்டும். ஸ்போர்ட்ஸ் பைக் இன்ஜினைக் கொஞ்சம் அடக்கி வைத்தது போன்ற குணம். 2020க்கு அப்புறம் வந்தவற்றில் அசிஸ்ட் கிளட்ச் இருப்பதால் லீவர் லேசாக இருக்கும். நெரிசலில் கை வலிக்காது. பெட்ரோல் டேங்க் 11 லிட்டர்தான் என்பதை நீண்ட பயணம் போகிறவர்கள் நினைவில் வைக்கட்டும். மீட்டியோரில் 15 லிட்டர் பிடிக்கும்.

இரண்டில் எதை எடுப்பது என்று கேட்டால், 165 சென்டிமீட்டருக்குக் குறைவான உயரமும் தயக்கமும் இருந்தால் ரெபெல் 300. நிதானமாகக் குறைந்த சுற்றில் ஓட்டப் பிடித்தவர், பின்னால் குடும்பத்தில் ஒருவரை அடிக்கடி ஏற்றுபவர் என்றால் மீட்டியோர். ரெபெலின் பின்சீட் ஒரு சின்னத் திண்டுதான். பிடித்துக்கொள்ள ஒழுங்கான கைப்பிடியும் கிடையாது. இதைப் பலர் வாங்கிய பிறகுதான் கவனிக்கிறார்கள்.

## 450 – 500 சிசி இரட்டை சிலிண்டர்: அலுக்காத வண்டி

"பிறகு மாற்ற வேண்டாம்" என்பவர்களின் தேர்வு இது. நியாயமான தேர்வும்கூட. ரெபெல் 500இன் சட்டகமும் ரெபெல் 300இன் சட்டகமும் ஒன்றே. சீட் உயரமும் ஒன்றே. கூடுதல் எடை ஏறத்தாழ 20 கிலோ. அந்த 20 கிலோவுக்குப் பதிலாக 110 வேகத்திலும் அலட்டிக்கொள்ளாத இன்ஜின் கிடைக்கிறது. எலிமினேட்டர் இன்னும் லேசு. அதன் 451 சிசி இன்ஜினைக் கவாசாகியின் ஸ்போர்ட்ஸ் பைக்கான நிஞ்சா 500இலும் போடுகிறார்கள். ரெபெல் 500, எலிமினேட்டர் இரண்டுமே 45 குதிரைத்திறனை ஒட்டியவை. ஐரோப்பாவின் ஏ2 உரிமத்தில் அனுமதிக்கும் 35 கிலோவாட் வரம்புக்குள் வருவதால், அங்கே பயிற்சி முடித்த புதியவர்களும் சட்டப்படி ஓட்டலாம்.

ஆனால் இந்த அளவில் ஆக்ஸிலரேட்டர் தப்பை மன்னிப்பது குறைகிறது. முதல் கியரில் பள்ளத்தில் இறங்கும்போது மணிக்கட்டு தெரியாமல் முறுக்கிக்கொண்டால் 350 சற்றே துள்ளும். 500 பாய்ந்துவிடும். அதனால் முறையான பயிற்சி வகுப்பு முடித்தவருக்கோ, ஸ்கூட்டரிலோ சின்ன பைக்கிலோ ஓரளவு ஓடியவருக்கோதான் இதைச் சொல்வேன். எலிமினேட்டரின் வீல்பேஸ் 1,520 மி.மீ. மீட்டியோர் 1,400. குறுகிய தெருவில் மீட்டியோர் ஒரே வீச்சில் திரும்பிவிடும் இடத்தில் எலிமினேட்டரை முன்னும் பின்னும் தள்ளித் திருப்ப வேண்டி வரலாம்.

பராமரிப்பும் ஒரு படி கூடும். இரண்டு ஸ்பார்க் பிளக், கூடுதல் வால்வுகள், மீட்டியோரில் இல்லாத ரேடியேட்டர், கூலன்ட். வால்வு இடைவெளி சரிபார்ப்பது பல ஆயிரம் கிலோமீட்டருக்கு ஒரு முறைதான் வரும். வரும்போது கூலி அதிகமாகும்.

யாருக்கு நல்லது: வாரக்கடைசியில் நெடுஞ்சாலைப் பயணம் உறுதியாக இருப்பவர்களுக்கு, ஏற்கெனவே இரண்டு சக்கரம் கைப்பழக்கமானவர்களுக்கு.

## 650 சிசி: முதல் வண்டியாக வேண்டாம்

ஓட்ட ஆரம்பித்த பிறகு வல்கன் எஸ், சூப்பர் மீட்டியோர் இரண்டுமே அடக்கமான வண்டிகள்தான். சிக்கல் நிற்கும்போது. 240 கிலோவைச் சரிவில் நிறுத்திவிட்டுப் பின்னுக்கு எடுக்கத் தெரியாமல் நிற்பது கஷ்டமான நிலைமை. வல்கன் எஸ்ஸில் ஃபுட்ரெஸ்ட்டை மூன்று இடங்களில் மாற்றிப் பொருத்தலாம் என்பது உயரமானவருக்கும் குட்டையானவருக்கும் உதவும் நல்ல ஏற்பாடு. அதற்காக எடை குறையாது. ஆறடிக்கு மேல் உயரமும் வலுவும் இருந்து, சின்ன வண்டியில் முழங்கால் ஹேண்டிலில் இடிக்கிறது என்பவர் மட்டும் யோசிக்கலாம். அவரும் முதலில் வேறு வண்டியில் பழகிவிட்டு வரட்டும்.

## க்ரூஸரே வேண்டாமோ?

இந்தக் கேள்வியையும் நேர்மையாகக் கேட்டுக்கொள்ள வேண்டும். தினமும் குண்டும் குழியுமான சாலை, வேகத்தடை, நெரிசல் இவைதான் உங்கள் ஓட்டம் என்றால், சாதாரண நிமிர்ந்த பைக் உடம்புக்கும் கைக்கும் நல்லது. கால் நேர் கீழே இருக்கும், பள்ளத்தில் எழுந்துகொள்ளலாம், வண்டிகளுக்கு நடுவே நுழைந்து வரலாம். சீட் உயரமாக இருக்குமே என்பவர்களுக்கு ஒன்று: சிக்னலில் இரண்டு காலும் முழுதாக ஊன்ற வேண்டும் என்பதில்லை. ஒரு கால் முழுதாகவும் இன்னொன்று ஃபுட்ரெஸ்ட்டிலும் இருந்தாலே போதும். அது பழகிவிட்டால் தேர்வுகள் நிறைய திறக்கும். முதுகில் ஏற்கெனவே வலி இருப்பவர், கால் முன்னால் நீளும் க்ரூஸரை வாங்கும் முன் ஒரு மணி நேரமாவது ஓட்டிப் பார்க்காமல் பணம் கட்டக் கூடாது. பத்து நிமிட டெஸ்ட் ரைடில் எல்லா க்ரூஸரும் சுகமாகத்தான் இருக்கும்.

## விலைப்பட்டியலில் வராத செலவுகள்

வண்டி விலை மட்டும் பார்த்துத் திட்டம் போட்டால், முதலில் அடிபடுவது பாதுகாப்புச் சாமான்தான். நல்ல ஹெல்மெட், ஜாக்கெட், கையுறை, கணுக்கால் மூடும் ஷூ நான்குக்கும் முதலில் பணம் ஒதுக்கிவிட்டு, மிச்சத்தில் வண்டி தேடுங்கள். அதனால் 500க்குப் பதில் 300தான் வாங்க முடிகிறது என்றால் 300 வாங்குவதே சரி.

அப்புறம் காற்று. க்ரூஸரில் நிமிர்ந்து, கையை முன்னால் நீட்டி உட்காருவதால் 100ஐத் தாண்டினால் நெஞ்சில் காற்று அறையும். ஹேண்டிலைப் பிடித்துத் தொங்குவது போலாகி, ஒரு மணி நேரத்தில் தோள் இறங்கிவிடும். முன்கண்ணாடி போட வேண்டி வரும். அதோடு பின்சீட், முதுகுத் தாங்கி, க்ராஷ் கார்டு (விழுந்தால் இன்ஜினைக் காக்கும் கம்பி) என்று க்ரூஸருக்குச் சேரும் சாமான்களின் பட்டியல் மற்ற பைக்குகளைவிட நீளம். இவற்றில் க்ராஷ் கார்டு மட்டும் முதல் நாளே போட வேண்டியது.

டயரையும் பாருங்கள். ரெபெல் போன்றவற்றில் 16 அங்குலத்தில் தடித்த டயர். அளவு எல்லாக் கடையிலும் இருக்காது, கிடைக்கும் பிராண்டும் குறைவு. வாங்கும் முன்பே உங்கள் ஊரில் விசாரித்துக்கொள்வது நல்லது.

சென்டர் ஸ்டாண்டு இருக்கிறதா என்று யாரும் கேட்பதில்லை. இந்த அளவு க்ரூஸர் பெரும்பாலும் செயினில் ஓடுபவை. 500 முதல் 1,000 கிலோமீட்டருக்கு ஒரு முறை செயினைத் துடைத்து எண்ணெய் போட வேண்டும். சென்டர் ஸ்டாண்டு இருந்தால் பின்சக்கரத்தைக் கையால் சுற்றியபடியே ஐந்து நிமிடத்தில் முடித்துவிடலாம். இல்லாவிட்டால் வண்டியை இம்மி இம்மியாக உருட்டி உருட்டிப் போட வேண்டும், அல்லது தனியாக ஸ்டாண்டு வாங்க வேண்டும். இந்தத் தொல்லையால் செயினைக் கவனிக்காமல் விட்டு, அது ஓடும் பல்சக்கரமான ஸ்ப்ராக்கெட்டோடு சேர்த்து மாற்றும் செலவுக்கு ஆளாகிறவர்கள் அதிகம்.

## புதியதா, பழையதா

முதல் வண்டி கீழே விழும் என்று வைத்துக்கொண்டே வாங்குவது நல்லது. அந்த வகையில் பழையது பாதகமில்லை. க்ரூஸரை வாரக்கடைசியில் மட்டும் ஓட்டுபவர்கள் அதிகம் என்பதால் கிலோமீட்டர் குறைந்த வண்டிகள் கிடைக்கும். ஆனால் நின்றுகொண்டே இருந்த வண்டிக்கு அதற்கே உரிய நோய்கள் உண்டு. டயரின் பக்கச்சுவரில் நான்கு இலக்க எண் இருக்கும். முதல் இரண்டு வாரம், அடுத்த இரண்டு வருடம். 2319 என்றால் 2019ஆம் வருடத்தின் 23ஆவது வாரம். டயரின் மேல்பட்டன்கள் (தரையைப் பற்றும் கட்டைகள்) தேயாமல் இருந்தாலும் டயர் பழையதானால் ரப்பர் இறுகி மழையில் வழுக்கும். டேங்க் மூடியைத் திறந்து உள்ளே துரு இருக்கிறதா என்று டார்ச் அடித்துப் பாருங்கள். ஹேண்டிலை இரு பக்கமும் முழுதாகத் திருப்பும்போது நடுவில் பல்லில் மாட்டுவது போல ஒரு இடத்தில் நின்றால் ஸ்டியரிங் பேரிங் போயிருக்கிறது. ஃபுட்ரெஸ்ட் முனை, கிளட்ச் லீவர் நுனி, சைலென்ஸரின் வெளிப்பக்கம் ஆகியவற்றில் கீறல் இருந்தால் நின்ற இடத்தில் விழுந்த வண்டி. அதற்கு விலையைக் குறைக்கச் சொல்லலாம். ஃபோர்க்கிலோ சட்டகத்திலோ வளைவு தெரிந்தால் விலை பேசாமல் திரும்பிவிடுங்கள்.

## பணம் கட்டும் முன் கடையிலேயே செய்ய வேண்டியது

நீங்கள் ஓட்டும்போது போடப்போகும் ஷூவோடு போங்கள். வண்டியில் உட்கார்ந்து, சைடு ஸ்டாண்டிலிருந்து நிமிர்த்தி, காலால் நான்கைந்து அடி பின்னுக்குத் தள்ளுங்கள். கால் ஃபுட்ரெஸ்ட்டில் இடிக்கிறதா என்று அப்போதுதான் தெரியும். அடுத்து ஹேண்டிலை முழுதாக ஒரு பக்கம் திருப்புங்கள். அகலமான க்ரூஸர் ஹேண்டிலில் வெளிப்பக்கக் கை எவ்வளவு தூரம் போகிறது என்று பாருங்கள். சீட்டிலிருந்து முதுகை எடுத்துக் குனிந்தால்தான் எட்டுகிறது என்றால் யூ-டர்னில் ஆக்ஸிலரேட்டரும் கிளட்சும் உங்கள் கட்டுப்பாட்டில் இருக்காது. ஹேண்டிலைக் கொஞ்சம் பின்னுக்குச் சாய்த்துப் பொருத்த முடியுமா என்று கேளுங்கள், முடியாது என்றால் அடுத்த வண்டிக்குப் போங்கள்.

விழுந்த வண்டியைத் தூக்கும் முறையையும் யாராவது தெரிந்தவரிடம் காட்டச் சொல்லுங்கள். வண்டிக்கு முதுகைக் காட்டி, சீட்டின் ஓரத்தில் இடுப்பை ஒட்டிக் குந்தி உட்கார்ந்து, ஒரு கையால் ஹேண்டிலையும் இன்னொரு கையால் சட்டகத்தையோ பின் கம்பியையோ பிடித்து, சின்னச் சின்ன அடியாகப் பின்னோக்கி நடந்தபடி தொடை பலத்தால் எழ வேண்டும். அதற்கு முன் இன்ஜினை அணைத்து, கியரில் போட்டு, வண்டி வலப்பக்கம் விழுந்திருந்தால் சைடு ஸ்டாண்டை இறக்கிவிட வேண்டும். இல்லாவிட்டால் தூக்கிய வேகத்தில் அது மறுபக்கம் சாய்ந்துவிடும். நீங்கள் மனதில் வைத்திருக்கும் வண்டியை இந்த முறையில் தனியாகத் தூக்க முடியாது என்று தோன்றினால், ஒரு அளவு கீழே இறங்கி வாங்குங்கள்.